உடன்படிக்கையா, வழக்கா, அங்கீகார ஒப்பந்தமா? பிரிட்டிஷ் கொலம்பியாவின் முதற்குடிகள் முன்னுள்ள வழிகள்

கனடாவின் பெரும்பகுதி, பூர்வகுடிகளோடு அரசு செய்த பழைய உடன்படிக்கைகளின் மேல் நிற்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியா அப்படியில்லை. வான்கூவர் தீவில் 1850க்கும் 1854க்கும் இடையே ஹட்சன் பே கம்பெனி அதிகாரி ஜேம்ஸ் டக்ளஸ் செய்த 14 சிறு உடன்படிக்கைகளும், வடகிழக்கு மூலையில் 1899இல் கையெழுத்தான எட்டாம் உடன்படிக்கையும் நீங்கலாக, மாகாணத்தின் நிலம் அங்கே முன்பிருந்தே வாழ்ந்த முதற்குடிகளிடம் (First Nations) கேட்காமலே எடுக்கப்பட்டது. அதைத் தட்டிக் கேட்பதற்கும் வழி அடைபட்டிருந்தது. நிலக் கோரிக்கைக்காக அரசின் அனுமதியின்றிப் பணம் திரட்டுவதும் வழக்கறிஞர் வைப்பதும் 1927 முதல் 1951 வரை குற்றம்.

அதனால்தான் வேறு பல இடங்களில் பழைய உடன்படிக்கைகளோடு முடிந்துபோன கேள்வி இங்கே இன்னும் உயிரோடிருக்கிறது. மாகாணத்தில் 200க்கும் மேற்பட்ட முதற்குடிச் சமூகங்கள் உள்ளன. ஒவ்வொன்றின் முன்னும் ஏறத்தாழ நான்கு வழிகள்: ரிசர்வ் நிலத்தோடு (அரசு அவர்களுக்கென ஒதுக்கிய சிறு பரப்பு) இருந்துகொண்டு துறைதோறும் அதிகாரத்தை மீட்பது, முழு உடன்படிக்கை பேசுவது, நீதிமன்றத்தில் நிலவுரிமையை நிறுவுவது, அல்லது அண்மையில் ஹைடா மக்கள் திறந்த பாதையில் முதலில் உரிமையை ஏற்கச் செய்து விவரங்களைப் பிறகு பேசுவது.

எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் விவாதம் கொள்கையிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். நடைமுறையில் மூன்று கணக்குகள்தான் தீர்மானிக்கின்றன. கோரும் பரப்பில் எவ்வளவு தனியார் பட்டா நிலம் இருக்கிறது? பக்கத்துக் குடிகள் அதே இடத்தை எவ்வளவு கோருகிறார்கள்? முடிவு வரும்வரை எத்தனை ஆண்டுகள் தாக்குப்பிடிக்கப் பணமும் ஆளும் இருக்கின்றன?

ரிசர்வில் இருந்தபடியே

1876இன் இந்தியர் சட்டம் (பூர்வகுடிகளை அன்று அப்படி அழைத்தார்கள், பெயர் இன்றும் அதேதான்) ரிசர்வ் நிலத்தை மத்திய அரசின் கையில் வைத்தது. ஒரு குத்தகைக்குக்கூட அமைச்சரின் ஒப்புதல் வேண்டும். இதிலிருந்து பகுதி பகுதியாக வெளியேற வழி உண்டு. நில மேலாண்மைக்கான சட்டக (framework) உடன்பாடு 1996இல் வந்தது, அதற்குச் சட்ட வடிவம் 1999இல். சமூகம் தனக்கென ஒரு நில விதித்தொகுப்பை எழுதி வாக்கெடுப்பில் நிறைவேற்றினால், இந்தியர் சட்டத்தின் நிலம் பற்றிய ஏறத்தாழ 40 பிரிவுகள் அங்கே செல்லாது. 2005இன் நிதி மேலாண்மைச் சட்டத்தில் சேர்ந்தால் குத்தகைதாரர்களிடம் சொத்து வரி வசூலிக்கலாம். பல குடிகள் சேர்ந்து கடன் பத்திரம் வெளியிடும் நிதி ஆணையம் வழியாக மலிவான வட்டிக்கு நீண்டகாலக் கடனும் வாங்கலாம். கெலோனாவை ஒட்டியுள்ள வெஸ்ட்பேங்க் குடி இன்னும் ஒரு படி மேலே போய், 2005இல் உடன்படிக்கை இல்லாமலே தன்னாட்சி ஒப்பந்தம் பெற்றது.

இதில் இழப்பதற்கு எதுவும் இல்லை. இந்தியர் சட்டத்தின் 87ஆம் பிரிவு ரிசர்வில் தரும் வரிவிலக்கும் தொடர்கிறது, நிலவுரிமைக் கோரிக்கையும் அப்படியே இருக்கிறது. குறை ஒன்றே ஒன்று, ஆனால் பெரியது. இதெல்லாம் ரிசர்வ் எல்லைக்குள் மட்டும்தான். பிரிட்டிஷ் கொலம்பியாவின் ரிசர்வ்கள் எல்லாம் சேர்ந்தும் மாகாணப் பரப்பில் அரை சதவீதத்தைத் தொடாது. காடும் ஆறும் மலையும் வெளியே இருக்கின்றன. ஆகவே இதை மற்ற மூன்றுக்கும் மாற்றாகப் பார்க்கக் கூடாது. எந்தப் பாதையில் போனாலும் இதை இன்றே தொடங்கலாம். நிலப் பதிவேடும் தணிக்கை செய்த கணக்கும் இல்லாத சமூகம் நாளை உடன்படிக்கை கிடைத்தாலும் திணறும்.

முழு உடன்படிக்கை

நிஸ்கா மக்களின் உடன்படிக்கை 2000 மே 11 அன்று நடைமுறைக்கு வந்தது. அது மாகாணத்தின் முதல் நவீன உடன்படிக்கை, தனிப் பேச்சில் வந்தது. மற்றவர்களுக்காக 1992இல் உருவாக்கப்பட்டது பிரிட்டிஷ் கொலம்பியா உடன்படிக்கை ஆணையம். நடைமுறைக்கு ஆறு கட்டங்கள்: விருப்ப அறிக்கை, தயார்நிலை, சட்டக ஒப்பந்தம், கொள்கையளவு உடன்பாடு, இறுதி உடன்படிக்கை, நடைமுறைப்படுத்தல். விருப்ப அறிக்கையில் யார் இந்த மக்கள், எது அவர்கள் நிலம், பேச யாருக்கு அதிகாரம் என்பதைச் சொல்ல வேண்டும். ஆணையம் அதை ஏற்ற 45 நாளுக்குள் முதல் கூட்டம் நடக்க வேண்டும். அந்த வேகம் அங்கேயே முடிந்துவிடும். நான்காம் கட்டத்திலேயே பல சமூகங்கள் இருபது ஆண்டுகளுக்கு மேல் நின்றிருக்கின்றன.

கிடைப்பது என்ன? இந்தியர் சட்டம் விலகுகிறது. ஒருவர் அச்சட்டப்படி இந்தியரா என்ற பதிவு மட்டுமே அதில் மிஞ்சும். நிலம் சமூகத்தின் முழு உடைமையாகிறது. கல்வி, மொழி, குழந்தை நலம், நிலப் பயன்பாடு போன்றவற்றில் சட்டம் இயற்றும் அதிகாரம் வருகிறது. எந்தத் துறையில் யாருடைய சட்டம் மேலோங்கும் என்று அத்தியாயந்தோறும் எழுதப்பட்டிருக்கும். குற்றவியல் சட்டம் மத்திய அரசிடமே இருக்கும். இவை எல்லாவற்றுக்கும் 1982 அரசியலமைப்பின் 35ஆம் பிரிவு காவல். நாளை வரும் அரசு ஒரு சாதாரணச் சட்டத்தால் கலைத்துவிட முடியாது. மற்ற வழிகள் எதிலும் இவ்வளவு முழுமையான பொதி ஒரே தடவையில் கிடைப்பதில்லை.

கொடுப்பது நிலப் பரப்பு. நிஸ்காவுக்குக் கிடைத்தது நாஸ் பள்ளத்தாக்கில் சுமார் 2,000 சதுர கிலோமீட்டர். அவர்கள் கோரிய நிலத்தில் அது பத்தில் ஒரு பங்கை எட்டவில்லை. மற்ற உடன்படிக்கைகளில் இன்னும் குறைவு. மீதிப் பரப்பில் வேட்டை, மீன்பிடி, நிலத் திட்டமிடலில் பங்கு என்று வரையறுத்த உரிமைகள் மட்டும். தனியார் நிலம் பேச்சுமேசைக்கே வராது, உரிமையாளர் விரும்பி விற்றால் ஒழிய.

வான்கூவருக்குத் தெற்கே படகுத்துறை அருகே இருக்கும் சவாசன் குடியைப் பாருங்கள். ஆணையத்தின் வழியே முதலில் முடிந்தது அவர்கள் உடன்படிக்கைதான், 2009 ஏப்ரல் 3 முதல் நடப்பில். மொத்தம் 724 ஹெக்டேர், அதில் 290 பழைய ரிசர்வ். மூலதனமாகப் பத்தாண்டில் 13.9 மில்லியன் டாலர். எண்ணிக்கையாகப் பார்த்தால் அற்பம். ஆனால் பெருநகரின் விளிம்பில், துறைமுகத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் பக்கத்தில், தானே மண்டலத் திட்டம் போட்டுத் தானே நீண்டகாலக் குத்தகைக்கு விடக்கூடிய நிலம் அது. அங்கே 2016இல் பெரிய வணிக வளாகம் திறந்தது. கிடைத்த நிலம் எங்கே இருக்கிறது என்பதை விட்டுவிட்டு ஹெக்டேரை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் அந்தக் குடி ஏன் ஆம் என்றது என்பது விளங்காது.

வரிதான் வாக்கெடுப்பில் அடிக்கடி வெடிக்கும் பொருள். பழைய உடன்படிக்கைகளின் வார்ப்பில் வரிவிலக்கு படிப்படியாகப் போகும்: விற்பனை போன்ற பரிவர்த்தனை வரிகளுக்கு 8 ஆண்டில், வருமான வரி முதலியவற்றுக்கு 12 ஆண்டில். நிஸ்கா மக்கள் 2008இலும் 2013இலும் இதைக் கடந்தார்கள். வசூலாகும் வரி பெரும்பாலும் சமூகத்தின் அரசுக்கே திரும்பும் என்பது உண்மை. ஆனாலும் தன் சம்பளச் சீட்டைப் பார்க்கும் வாக்காளருக்கு அது ஆறுதல் ஆகாது. முன்னாள் ரிசர்வ் நிலத்தில் விலக்கைத் தொடர்ந்து வைத்துக்கொள்ளலாம் என்று மத்திய அரசு 2022இல் தன் நிலையை மாற்றிக்கொண்டது. இன்று பேசுகிறவர்கள் பழைய வார்ப்பு வாசகத்தை அப்படியே ஏற்க வேண்டியதில்லை.

வாக்கெடுப்பைப் பற்றி இன்னொன்று. பல உடன்படிக்கைகளில் தேவைப்படுவது போட்ட வாக்குகளில் பாதி அல்ல, தகுதியுள்ள வாக்காளர் எல்லோரிலும் பாதிக்கு மேல். வீட்டிலேயே இருந்துவிட்டவரும் எதிர்த்து வாக்களித்ததாகவே கணக்கு. உறுப்பினரில் பெரும்பாலோர் நகரங்களில் சிதறிக் கிடக்கும் சமூகத்துக்கு இது எவ்வளவு கடினம் என்று சொல்லத் தேவையில்லை. பிரின்ஸ் ஜார்ஜ் பக்கத்து லெய்ட்லி டெனே மக்கள் 2007இல் ஒருமுறை, 2018இல் மறுமுறை தங்கள் இறுதி உடன்படிக்கையை நிராகரித்தார்கள். பேச்சுக்குழு மேசையில் பத்தாண்டு உட்கார்ந்து கற்றதை உறுப்பினருக்கு கடைசி ஆறு மாதத்தில் சொல்ல முயல்வதுதான் இந்த முறையில் திரும்பத் திரும்ப நிகழும் தவறு. அத்தியாயம் முடிய முடியக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

வாக்கில் வென்றும் நின்றுபோனது யேல் குடியின் உடன்படிக்கை. 2013இல் கையெழுத்தாகி, 2016இல் நடைமுறைக்கு வருமுன் அவர்களே வேண்டாமென்றார்கள். ஃப்ரேசர் ஆற்றுப் பள்ளத்தாக்கின் மீன்பிடி இடங்கள் குறித்து அண்டையிலுள்ள ஸ்டோலோ மக்களோடு தீராத தகராறு ஓடிக்கொண்டிருந்தது. எல்லைத் தகராறை அரசுகள் தீர்த்துவைக்கும் என்று காத்திருப்பது வீண். வரைபடத்தை ஆணையத்திடம் கொடுப்பதற்கு முன்பே பக்கத்து வீட்டாரோடு பேசி, பகிரும் இடங்களுக்கு எழுத்தில் ஓர் உடன்பாடு வைத்துக்கொள்வதே மலிவு.

பணம்? 1993 முதல் பேச்சுச் செலவுக்கு வந்த நிதியில் நூற்றுக்கு 80 கடன், 20 மானியம். முடிவில் கிடைக்கும் மூலதனத்திலிருந்து கடன் கழியும். முடிவே வராதவர்களுக்குக் கடன் மட்டும் வளரும். எழுந்து போனால் கடன், உட்கார்ந்திருந்தாலும் கடன் என்ற இந்த நிலை பலரை மோசமான வரைவிலும் கட்டிப்போட்டது. 2018இல் கடன் முறை நின்றது. 2019 வரவுசெலவுத் திட்டம் 1.4 பில்லியன் டாலர் வரையிலான கடன்களைத் தள்ளுபடி செய்ய ஒதுக்கியது, ஏற்கெனவே கட்டியவர்களுக்குத் திருப்பித் தருவதும் அதில் சேர்ந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த கொள்கை அதைவிட முக்கியம்: உடன்படிக்கைக்காக உரிமையைக் கைவிடவோ அழிக்கவோ தேவையில்லை, உடன்படிக்கை காலத்தோடு திருத்தப்படலாம். அதுவரை முழுமையான இறுதித் தீர்வு என்ற வாசகமே பலரைத் துரத்தியது. வான்கூவர் தீவின் காமாக்ஸ், வடக்கே கிட்செலாஸ் ஆகிய குடிகள் 2025இல் ஏற்று வாக்களித்த வரைவுகள் இந்தப் புதிய தலைமுறையைச் சேர்ந்தவை. 2019க்கு முந்தைய விமரிசனங்களைப் படித்துவிட்டு உடன்படிக்கையே சரணாகதி என்று சொல்வோர், பழைய சரக்கைத்தான் எதிர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

நீதிமன்றம்

1973இல் கனடா உச்ச நீதிமன்றத்தில் கால்டர் வழக்கில் நிஸ்கா மக்கள் தோற்றார்கள். பூர்வகுடி நிலவுரிமை இன்னும் நிற்கிறதா என்பதில் நீதிபதிகள் மூன்றுக்கு மூன்று பிரிந்தனர்; ஏழாமவர் அரசின் மீது வழக்குத் தொடர அனுமதி பெறவில்லை என்ற நடைமுறைக் காரணத்தால் தள்ளினார். ஆனால் அந்தத் தோல்விதான் ஒட்டாவாவிலுள்ள மத்திய அரசைப் பேச்சுமேசைக்குக் கொண்டுவந்தது. வழக்கின் பயன் எப்படிப்பட்டது என்பதற்கு இதுவே நல்ல அடையாளம்.

1997இல் டெல்கமூக் வழக்கு வாய்மொழி வரலாற்றைச் சான்றாக ஏற்க வேண்டும் என்றது. ஆனால் கிட்சான், வெட்சுவெட்டன் மக்களுக்கு நிலவுரிமை அறிவிப்பு கிடைக்கவில்லை. 374 நாள் விசாரணைக்குப் பிறகு, மனு அமைந்த விதத்தில் குறை இருந்ததால் புதிய விசாரணைக்கு அனுப்பப்பட்டது. மனுவை எப்படி எழுதுகிறோம் என்பதில் ஒரு தலைமுறையின் உழைப்பு தொங்குகிறது.

2014 ஜூன் 26 அன்று சில்கோட்டின் (Tsilhqot'in) மக்கள் வென்றார்கள். சுமார் 1,750 சதுர கிலோமீட்டருக்கு நிலவுரிமை, கனடாவில் முதன்முறை. நிரூபிக்க வேண்டியவை மூன்று: பிரிட்டன் இறைமையை நிறுவிய 1846இல் அந்த நிலத்தைப் போதிய அளவு அனுபவித்திருக்க வேண்டும், இன்றைய அனுபவத்தைச் சான்றாகக் காட்டினால் அது அன்றிலிருந்து தொடர வேண்டும், பிறரை விலக்கும் வல்லமை இருந்திருக்க வேண்டும். விசாரணை மன்றத்தில் மட்டும் 339 நாள். மரபு நிலம் முழுவதையும் அவர்கள் கேட்கவில்லை, தனியார் நிலத்தையும் விட்டுவிட்டார்கள். அந்த ஒதுங்கல்தான் வழக்கைக் காப்பாற்றியது என்பது என் கணிப்பு.

வென்றவர் பெறுவது பெரிது. நிலத்தை எதற்குப் பயன்படுத்துவது என்பதை அவர்களே தீர்மானிப்பார்கள், அதன் வருவாயும் அவர்களுடையது. அரசு நுழைய வேண்டுமானால் சம்மதம் பெற வேண்டும், அல்லது வலுவான பொதுநோக்கத்தைக் காட்டி நியாயப்படுத்த வேண்டும். பெறாததும் பெரிது. நிதி வராது, நிர்வாகம் வராது, பள்ளியும் மருத்துவமனையும் யார் பொறுப்பு என்று தீர்ப்பு சொல்லாது. நிலத்தை அரசைத் தவிர யாருக்கும் விற்கவும் முடியாது. வெற்றிக்குப் பிறகு சில்கோட்டின் மக்களும் 2016இல் மாகாணத்தோடு ஓர் ஒப்பந்தச் சட்டகத்தில் கையெழுத்திட்டுப் பேச உட்கார்ந்தார்கள்.

தோல்வி எப்படி இருக்கும் என்பதற்கு நூட்கா தீவின் நுச்சட்லட் மக்கள். சுமார் 200 சதுர கிலோமீட்டர் கேட்டார்கள், 2024இல் கிடைத்தது 11 அளவில். கடலோர வாழ்வுக்கு உள்காட்டில் சான்று காட்டுவது கடினம்.

பட்டா நிலத்தைத் தொட்டால் என்ன ஆகும் என்பதை 2025 ஆகஸ்ட் 7இன் கவுச்சன் தீர்ப்பு காட்டுகிறது. 513 நாள் விசாரணை. ரிச்மண்ட் நகரில் ஃப்ரேசர் ஆற்றின் தென்கிளையோரம் சுமார் 800 ஏக்கரில் நிலவுரிமை ஏற்கப்பட்டது. மத்திய அரசும் நகராட்சியும் வைத்திருந்த சில நிலப் பத்திரங்கள் குறையுள்ளவை, செல்லாதவை என்றும் கூறப்பட்டது. தீர்ப்பின் அந்தப் பகுதி 18 மாதம் நிறுத்திவைக்கப்பட்டது. மேல்முறையீடுகள் தொடங்கின. வீட்டுக்கடன், விற்பனை பற்றிய பீதி கிளம்பி, மாகாண அரசியலே அதைச் சுற்றிச் சுழன்றது. கவனிக்க வேண்டிய இன்னொரு விவரம்: எதிர்த்தரப்பில் அரசுகளோடு மஸ்க்வியம், சவாசன் என்ற இரு முதற்குடிகளும் நின்றன. அண்டை வீட்டுக் கணக்கை முடிக்காமல் மன்றம் ஏறினால் சாட்சிக்கூண்டில் எதிரே நிற்பது உறவுக்காரர்தான்.

முதலில் அங்கீகாரம்

ஹைடா மக்கள் 2002இல் நிலவுரிமை வழக்குத் தொடுத்தார்கள். அது முடியுமுன்னே, 2004இல் அவர்களது வேறொரு வழக்கில், உரிமை நிரூபிக்கப்படாத நிலையிலும் அரசு கலந்தாலோசிக்கக் கடமைப்பட்டது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கனடா முழுவதும் இன்று சுரங்கமும் குழாய்ப்பாதையும் அந்த விதியின் கீழ்தான் நடக்கின்றன. வழக்கு ஒருபுறம் தயாராகிக்கொண்டே இருக்க, மறுபுறம் பேச்சு நடந்தது. 2024 ஏப்ரல் 14 அன்று மாகாணம், ஹைடா குவாய் தீவுக்கூட்டத்தின் நிலம் முழுவதும் ஹைடா நிலவுரிமைக்கு உட்பட்டது என்று ஏற்று ஒப்பமிட்டது. மாகாணச் சட்டமும் வந்தது. 2025இல் மத்திய அரசோடும் அதே போன்ற ஒப்பந்தம் ஏற்பட்டது.

உடன்படிக்கையில் விவரம் எல்லாம் முடிந்த பிறகே உரிமை. இங்கே உரிமை முதலில், காடு, காப்பகம், மீன்பிடி விடுதி போன்றவற்றின் நிர்வாகம் கட்டம் கட்டமாக. நிலத்தில் ஐந்து சதவீதம், பத்து சதவீதம் என்ற பேரம் இல்லை. தனியார் பட்டாவும் நகராட்சிகளும் மாகாணச் சட்டத்தின் கீழேயே தொடர ஹைடா தரப்பு சம்மதித்தது; பீதி எழாததற்கு அந்த ஒரு பத்தியே காரணம்.

பலவீனம் எங்கே? தன்னாட்சியின் நிதி ஏற்பாடு, எந்தச் சட்டம் மேலோங்கும் என்பன இன்னும் பேச வேண்டியவை. பேச்சு இழுத்தால் கையில் உரிமை இருக்கும், அதைச் செலுத்தும் இயந்திரம் இருக்காது. எல்லோராலும் இதை நகலெடுக்கவும் முடியாது. ஹைடா குவாய் தீவு, அங்கே போட்டிக் கோரிக்கை மிகக் குறைவு, பட்டா நிலமும் குறைவு. இருபதாண்டு வழக்குத் தயாரிப்பும், தோற்போம் என்று அரசுக்கே தெரிந்திருந்ததும் பின்னணியில் உண்டு.

எந்தச் சமூகத்துக்கு எது

பட்டா நிலம் குறைந்த, அண்டைக் கோரிக்கை தீர்ந்த பெரும்பரப்பு இருந்தால் ஹைடா வழியைத்தான் முதலில் தட்டிப் பார்க்க வேண்டும். ஆனால் வழக்குக்கான சான்றை, முதியோரின் சாட்சியப் பதிவு உட்பட, இணையாகத் திரட்டாமல் அந்த மேசையில் உட்காரக் கூடாது. சாட்சி சொல்ல வேண்டியவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.

நகர விளிம்பில் சில நூறு உறுப்பினரோடு, சுற்றிலும் பட்டா நிலம் சூழ்ந்திருக்கும் குடிக்கு உடன்படிக்கையே பொருத்தம். அங்கே வழக்கில் வென்றாலும் கவுச்சன் போல ஆண்டுக்கணக்கில் மேல்முறையீடுதான். நிலவுரிமை வழக்கு மட்டுமே வழி என்பது, அரசு கோரிக்கையை அறவே மறுக்கும்போதும், சான்று மிக வலுவாக இருக்கும்போதும்தான். அப்போதும் கேட்கும் பரப்பைச் சுருக்கி, 1846இல் பிறரை விலக்கியதை எங்கே காட்ட முடியுமோ அங்கே மட்டும் கோட்டைப் போட வேண்டும்.

எதைத் தேர்ந்தாலும் கையெழுத்துக்கு முன் சில வாசகங்களை வேறொரு வழக்கறிஞரிடம் தனியாகக் காட்டுவது நல்லது. முதலாவது பண மதிப்பு. ஒன்டாரியோவின் 1850 ராபின்சன் உடன்படிக்கைகளில் ஆண்டுத்தொகை 1875இல் தலைக்கு 4 டாலர் ஆனது, அதன்பின் உயரவே இல்லை. ஹ்யூரான் ஏரிப் பக்கத்து மக்களுக்குக் கடந்தகால இழப்பீடாக 10 பில்லியன் டாலர் தர அரசுகள் 2023இல்தான் இணங்கின. தொகை எதுவானாலும் விலைவாசிக்கேற்ப உயரும் சூத்திரமும், எத்தனை ஆண்டுக்கொருமுறை மறுபேச்சு என்பதும், மறுபேச்சு முறிந்தால் பழைய தொகை தொடருமா என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, சிறு சிறு அனுமதிகளின் கூட்டு விளைவு. வடகிழக்கின் புளூபெரி ரிவர் மக்களிடம் 1899 உடன்படிக்கை இருந்தது, வேட்டையுரிமையும் அதில் இருந்தது. எண்ணெய்க் கிணறு, சாலை, மரவெட்டு என்று ஒவ்வொன்றாக அனுமதித்து, கடைசியில் வேட்டையாட இடமே இல்லாமல் போயிற்று. 2021இல் மன்றம் அதை உடன்படிக்கை மீறல் என்றது. 2023இல் ஏற்பட்ட ஒப்பந்தத்தில்தான் நிலத்தைக் குலைக்கும் புதிய பணிகளுக்கு உச்சவரம்பும் நிலத்தைச் சீர்செய்ய நிதியும் வந்தன. உரிமை உண்டு என்று எழுதுவதோடு, எவ்வளவு நிலம் குலைந்தால் அனுமதி நிற்கும் என்ற அளவையும், அதை அளப்பவர் யார் என்பதையும் இன்றே எழுதிவைக்க வேண்டும்.